மூன்று கல்லில் ஒரு நகரம்

நவீன பாணி நகரக்காட்சி லித்தோகிராஃப் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சுப்படம்) ஒன்றைப் பார்க்கிறவர்கள், கலைஞர் முதலில் நகரத்தை வடிவங்களாகச் சுருக்கி ஒரு படம் வரைந்தார், அச்சுக்கூடம் அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தது என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். கல்லச்சில் வேலை அப்படி நடப்பதில்லை. எத்தனை கல், எந்தக் கல்லுக்கு எந்த மை, எது எதன்மேல் விழும் என்று முடிவானபோதே சுருக்கும் வேலையில் பாதி முடிந்துவிடுகிறது. ஒரு கல் ஒரு மையைத்தான் தரும். மூன்று கல் என்றால், ஆயிரம் ஜன்னலும் நூறு கூரையும் உள்ள நகரம் மூன்று கூட்டமாகப் பிரிந்தே ஆகவேண்டும். எந்தச் சுவர் எந்த நிழலோடு சேரும் என்று தீர்மானிப்பதுதான் இங்கே வரைதல்.

ஒரே கல்லோடு நிறுத்திக்கொண்ட அமெரிக்கக் கலைஞர்களும் உண்டு. லூயி லோசோவிக் 1925 வாக்கில் செய்த ‘நியூயார்க்’, சார்லஸ் ஷீலரின் ‘டெல்மோனிகோ பில்டிங்’ (1926), ஸ்டூவர்ட் டேவிஸின் ‘சிக்ஸ்த் அவென்யூ எல்’ (1931) மூன்றும் கறுப்பு மை மட்டுமே. கருவி ஒன்று, நகரம் ஒன்று, விளைவு வேறு வேறு. லோசோவிக் கிரேயானைப் படிப்படியாக அழுத்தி, கட்டடங்களை உருளையும் பெட்டியுமாகத் திரட்டுகிறார். ஷீலரிடம் சாம்பல் நிறச் சாயல்கள் மெல்ல ஏறி இறங்குகின்றன. டேவிஸ் அந்தப் படிநிலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அழுத்தமான கறுப்பு, வெட்டிய வெள்ளை என்று தெருவைத் துண்டுதுண்டாக அடுக்குகிறார். ஒற்றைக் கல்லில் வேலை செய்ய நினைப்பவர் முதலில் மெல்லிய சாயல், அழுத்தமான கறுப்பு என்ற இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் கல்லை எட்ச் செய்யும்போது, அதாவது பிசினும் அமிலமும் கலந்த கரைசலைப் பூசும்போது, சிக்கல் வரும். காரணம் பின்னால் வருகிறது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1790களின் கடைசியில் மியூனிக்கில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. கல்லைச் செதுக்குவதில்லை. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் பகுதியில் கிடைக்கும் நெருக்கமான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புள்ள கிரேயானாலோ மையாலோ வரைந்து, பிசினும் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால், வரைந்த இடம் எண்ணெய் மையை ஏற்கும். வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அச்சாகும் இடமும் அச்சாகாத இடமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

இனி கல். 50 × 60 செ.மீ. பரப்பும் 8 செ.மீ. தடிமனும் உள்ள கல் சுமார் 60 கிலோ வரும்; தனியாகத் தூக்கக் கூடாது. தடிமன் 5 செ.மீ.க்குக் கீழே போன பெரிய கல்லை அச்சு எந்திரத்தின் அழுத்தத்துக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. மஞ்சள் கல் மென்மை, சாம்பல் கல் கடினம். ஜன்னல் வரிசை, கம்பி, பாலத்தின் இரும்புச் சட்டம் மாதிரி நுணுக்கமான கோடுகளுக்குச் சாம்பல் கல். வானம், சுவர் என்று பெரிய பரப்பை நிரப்ப மஞ்சள் கல்லே போதும்.

பழைய படத்தைத் தேய்த்து எடுக்க கார்போரண்டம் தூள்: முதலில் 100 எண், பிறகு 180, கடைசியில் 220. ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு மூன்று சுற்று. தண்ணீர் தெளித்து, தூளைத் தூவி, லெவிகேட்டர் என்ற கனமான இரும்பு வட்டைச் சுழற்றவேண்டும். குழம்பு வெளுத்து இறுகினால் தூள் தேய்ந்துவிட்டது என்று பொருள்; கழுவிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும். எண் மாறும்போது கல்லின் பக்கவாட்டையும் தொட்டியையும் சேர்த்துக் கழுவுவது கட்டாயம். 100 எண் தூளில் ஒரு துகள் ஒட்டியிருந்து 220க்குள் வந்தால் போதும், நீளக் கீறல் விழும். அந்தக் கீறலுக்குள் கிரேயான் இறங்காது. சீரான வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே ஓடும், எத்தனை பிரதி போட்டாலும் அதே இடத்தில்.

நடுப்பகுதிதான் அதிகம் தேயும். நேரான இரும்பு அளவுகோலைக் கல்லின்மேல் நிறுத்தி, அடியில் ஓரத்திலும் நடுவிலுமாக மெல்லிய காகிதத் துண்டுகளை வைத்து இழுத்துப் பார்க்கவேண்டும். நடுத்துண்டு மட்டும் தடையில்லாமல் வந்தால் அங்கே பள்ளம். பள்ளத்தில் அழுத்தம் குறைந்து மை வெளிறும். விளிம்புகளை அரத்தால் உருட்டிவிடவேண்டும். கூரான விளிம்பு மையை வாங்கிக்கொண்டு காகிதத்தின் ஓரத்தில் கறுப்புக் கோடு போடும்.

தேய்த்து முடித்த கல் எந்தக் கொழுப்பையும் ஏற்கும் நிலையில் இருக்கிறது. விரல் ரேகை அச்சாகும், தலைப்பொடுகும் அச்சாகும். உள்ளங்கைக்கு அடியில் எப்போதும் ஒரு காகிதம் வேண்டும்.

நகரக்காட்சிக்கே உரிய பிரச்சினை நேர்விளிம்பு. மரம், மலை என்றால் ஓரம் கொஞ்சம் தடுமாறினாலும் கண் மன்னிக்கும். சுவரும் வானமும் சேரும் கோட்டில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தெரிந்துவிடும். உடனே பலர் மாஸ்கிங் டேப்பை எடுக்கிறார்கள். வேண்டாம். டேப்பின் பசை கல்லில் படிந்து, டேப் ஒட்டிய இடம் முழுக்க மங்கலாக அச்சாகும். சரியான வழி கம் அராபிக் பிசின். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் பிசின் கரைசலைத் தூரிகையாலோ, மெல்லிய கோட்டுக்கு ரூலிங் பேனாவாலோ பூசி, நன்றாக உலரவிட்டு, அதன்மேல் மையை இழுக்கலாம். பிசின் பட்ட இடம் மையை ஏற்காது. கத்தியால் வெட்டியது மாதிரி விளிம்பு கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: மேலே பூசும் டுஷ் மை (கொழுப்புள்ள வரைமை) தண்ணீரில் கரைத்ததாக இருந்தால் பிசினையும் கரைத்துவிடும். டர்பன்டைன் மாதிரிக் கரைப்பானில் கரைத்த டுஷ், அல்லது மென்மையான கிரேயான்தான் இதற்குப் பொருந்தும். ஜன்னல் கட்டங்களைப் பிசினால் விடாமல், கறுப்பைப் பூசி உலர்ந்தபின் ஊசியால் கீறி எடுப்பதும் உண்டு. கீறிய வெள்ளைக்கு ஒரு கூர்மை இருக்கும், பிசின் வெள்ளைக்கு ஒரு தட்டை. உயரக் கட்டடத்துக்கு முன்னதும் அகலமான சுவருக்குப் பின்னதும் பொருந்தும் என்பது எங்கள் கட்சி.

படம் இடவலமாக மாறித்தான் காகிதத்தில் விழும். பெயர்ப்பலகை, கடிகாரம், ஆறு வளையும் திசை எல்லாவற்றையும் கல்லில் இடவலம் மாற்றி வரையவேண்டும். மாதிரிப் படத்தை டிரேசிங் காகிதத்தில் எடுத்துத் திருப்பி, அடியில் சிவப்புக் காவித் தூள் தேய்த்த காகிதத்தை வைத்து இழுத்தால் போதும். கார்பன் காகிதத்தில் மெழுகு இருக்கிறது. அது கொண்டு பதித்த கோடுகள் அத்தனையும் அச்சாகிவிடும்.

இப்போது மூன்று கல்லுக்கு வருவோம். ஒளி ஊடுருவும் மை மூன்று இருந்தால் தனித்தனியாக மூன்று நிறம், இரண்டிரண்டு சேர்ந்து மூன்று, மூன்றும் சேர்ந்து ஒன்று, ஆக ஏழு. காகிதத்தின் வெள்ளையோடு எட்டு. நான்காவது கல்லைச் சேர்த்தால் அச்சான நிறம் மட்டும் பதினைந்தாகும். ஆனால் நகரக்காட்சிக்கு மூன்றுக்கு மேல் போனால் படம் விவரம் சேர்த்துக்கொண்டு வழக்கமான காட்சியாக இறங்கிவிடும். எட்டே போதும்.

பிரிப்பதற்கு ஒரு திட்டம். முதல் கல், மங்கிய காவி மஞ்சள்: வெயில் படும் சுவர்கள், அடிவானம், தெருவின் தரை, எல்லாம் ஒரே பரப்பு. சுவர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று இந்தக் கல் சொல்லவே கூடாது. இரண்டாவது கல், சாம்பல் கலந்த நீலம்: நிழல் பக்கங்கள், ஆறு, மேல் வானம். மஞ்சளின்மேல் இது விழும் இடம் பழுப்புப் பச்சையாகும். அதுதான் நிழலில் நிற்கும் சுவர். விழாத இடம் தூய நீலமாக நின்று தூரத்தைக் காட்டும். மூன்றாவது கல் கறுப்பு அல்லது கரும்பழுப்பு: தூண், பாலம், புகைபோக்கி, சில ஜன்னல், அவ்வளவே. மூன்றாவது கல்லில் கட்டடங்களின் வெளிக்கோட்டை முழுக்க இழுத்தீர்களானால் முதல் இரண்டு கற்களும் வெறும் வண்ணம் தீட்டுவதற்குப் பயன்பட்டதாக ஆகிவிடும். பல நகர லித்தோக்கள் சொதப்பும் இடம் இதுதான். நிறத்தின் எல்லையும் கோட்டின் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நின்றால்தான் படம் அசையும். நிறத்தைப் பொருளின் வெளிக்கோட்டிலிருந்து விடுவிப்பதை அதிகம் செய்தவர் பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னான் லெஜே. அவர் வண்ண அச்சுகளில் நிறப்பட்டை ஒரு திசையில் போகும், கறுப்புக் கோடு அதைக் கண்டுகொள்ளாமல் இன்னொரு திசையில் போகும்.

மூன்று கல்லிலும் படம் ஒரே இடத்தில் அமைய, கோட்டுக் கல்லை, அதாவது மூன்றாவதாக அச்சாகும் கறுப்புக் கல்லை, முதலில் தயார்செய்து அதிலிருந்து ஒரு பிரதி எடுக்கவேண்டும். ஈரம் காயாத அந்தப் பிரதியின்மேல் சிவப்புக் காவித் தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, அடுத்த கல்லின்மேல் கவிழ்த்து எந்திரத்தில் ஓட்டினால் சிவப்புத் தடம் பதியும். தூளில் கொழுப்பு இல்லாததால் அது அச்சாகாது. அடுத்தடுத்த நிறங்கள் 1 மி.மீ. அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரையவேண்டும். கச்சிதமாகத் தொடும்படி வரைந்தால் ஏதாவது ஒரு பிரதியில் இடைவெளி விழுந்து காகிதத்தின் வெள்ளை பல்லைக் காட்டும்.

எட்ச் செய்யும் இடத்தில்தான் பெரும்பாலான கற்கள் கெடுகின்றன. முதலில் ரோசின் (பைன் மரப்பிசின்) தூளும் பிறகு டால்கம் தூளும் தூவித் துடைக்கவேண்டும். ரோசின் மையை அமிலத்திலிருந்து காக்கும், டால்க் கரைசலைச் சீராகப் படியவைக்கும். பிறகு 30 மி.லி. பிசின் கரைசலில் நைட்ரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்க்கவேண்டும். மெல்லிய கிரேயான் சாயலுக்கு வெறும் பிசின் அல்லது 2 முதல் 4 துளி. நடுத்தர அழுத்தத்துக்கு 8 முதல் 10. கனத்த கறுப்புப் பரப்புக்கு 15 முதல் 20. இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு அந்தந்தக் கல்லின் ஓரத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். மஞ்சள் கல்லென்றால் சில துளிகள் குறைவு. கையுறையும் கண்ணாடியும் காற்றோட்டமும் இல்லாமல் அமிலப் புட்டியைத் திறக்கக் கூடாது. கரைசலைத் தூரிகையால் நகர்த்திக்கொண்டே 3 முதல் 5 நிமிடம் வைத்து, துணியால் மெல்லிய படலமாகத் தேய்த்து உலரவிடவேண்டும். படலம் தடித்துப் போனால் உலரும்போது விரிசல்விட்டுப் படத்தையும் இழுத்துக்கொண்டு வரும்.

ஒரே கல்லில் மெல்லிய சாயலும் கனத்த கறுப்பும் இருந்தால் என்னவாகும் என்பது இப்போது விளங்கும். கறுப்புக்கு ஏற்ற 18 துளியைச் சாயலின்மேல் விட்டால் சாயல் எரிந்துவிடும். சாயலுக்கு ஏற்ற 3 துளியைக் கறுப்புக்கு விட்டால், பத்துப் பிரதிக்குள் கறுப்பு ஓரம் பரவி ஜன்னல்களை விழுங்கும். இரண்டு கிண்ணம் வைத்து இடத்துக்கு இடம் வேறு கரைசலைப் பூசலாம். முதலில் முழுக் கல்லுக்கும் மென்மையானது, பிறகு கறுப்பின்மேல் மட்டும் பலமானது. பழக்கம் வேண்டிய வேலை. முதல் முயற்சிக்கு டேவிஸ் வழியே பாதுகாப்பு.

அதன்பின் காய்ந்த படலத்தின்மீதே டர்பன்டைனால் கிரேயானைக் கழுவி எடுப்பார்கள். படம் காணாமல் போகும். கல்லில் வெளிறிய நிழல்தான் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. கொழுப்பு கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. அஸ்ஃபால்ட்டம் என்ற தார்க் கரைசலைத் தேய்த்து, தண்ணீரால் பிசினைக் கழுவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து மையுருளையை ஓட்டினால் படம் திரும்பி வரும். ஒரு முறை மை ஏற்றியபின் இரண்டாவது எட்ச். அதற்குப் பிறகுதான் பிரதி எடுப்பது.

வண்ண மையை ஒளி ஊடுருவும் பேஸோடு (நிறமியில்லாத மையோடு) 1க்கு 5 என்ற அளவில் கலந்தால் மேற்பொருந்தும் நிறங்கள் தெளிவாக வரும். மை இளகியிருந்தால் மெக்னீசியம் கார்பனேட், இறுகியிருந்தால் சொட்டு வார்னிஷ். உருளையின் சுற்றளவைப் பலர் கவனிப்பதில்லை. 50 செ.மீ. உயரமுள்ள சமமான வானத்தை ஒரே ஓட்டத்தில் மூட, உருளையின் விட்டம் குறைந்தது 16 செ.மீ. இருக்கவேண்டும். சிறிய உருளை இரண்டாவது சுற்றுக்குப் போகும் இடத்தில் குறுக்கே ஒரு பட்டை விழும்.

காகிதம் சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதமாக இருக்கட்டும். பலநிற அச்சுக்கு அதை நனைக்கக் கூடாது. காயும்போது சுருங்கி அடுத்த கல்லோடு பொருந்தாமல் போகும். மை போடாத சுத்தமான கல்லின்மேல் ஒரு முறை வெறுமனே ஓட்டி எடுத்தால், விரியவேண்டிய அளவு முன்பே விரிந்துவிடும். எந்திரத்தில் காகிதத்தைக் கல்லோடு அழுத்தும், தோல் போர்த்திய ஸ்க்ரேப்பர் கட்டை படத்தைவிட அகலமாகவும் கல்லைவிடக் குறுகலாகவும் இருக்கவேண்டும். அந்தத் தோலில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் ஓடும் திசையில் நேராக வெள்ளைக் கோடு விழும். நகரக்காட்சியில் இது வேடிக்கையாகக் கட்டடக் கோடுகளோடு கலந்து ஒளிந்துகொள்ளும். முப்பது பிரதி போனபின் யாராவது ‘இந்தக் கம்பம் எங்கிருந்து வந்தது’ என்று கேட்பார்கள்.

வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் மை மங்கலாகப் படர்ந்தால் மூன்று காரணம்: கல்லில் ஈரம் போதவில்லை, மை இளகியிருக்கிறது, அல்லது எட்ச் பலவீனம். இந்த வரிசையிலேயே சோதிக்கவேண்டும். எடுத்த எடுப்பில் அமிலத்தைத் தேடி ஓடுபவர்கள் நல்ல கல்லைக் கெடுக்கிறார்கள். ஜன்னல் இடைவெளிகள் அடைத்துக்கொண்டால் மை அதிகம். இரண்டு பிரதியை மை ஏற்றாமல் ஓட்டினாலே பெரும்பாலும் திறந்துவிடும். புதிதாக ஒரு கூரையைச் சேர்க்கவேண்டுமென்றால் மை ஏற்றிய படத்தை ரோசினும் டால்கமும் தூவிக் காத்துக்கொண்டு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் கல்லைக் கழுவி, மறுபடியும் கொழுப்பை ஏற்கும் நிலைக்குக் கொண்டுவரலாம்.

வாங்குகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பாருங்கள். சீரான சிறு புள்ளிகள் வட்டப்பூ மாதிரி அணிவகுத்து நின்றால் அது ஆஃப்செட்டில் எடுத்த புகைப்படப் பிரதி. கல்லில் வரைந்ததென்றால் ஒழுங்கில்லாத மணல்மணி தெரியும், நிறம் நிறத்தின்மேல் முழுப் படலமாக ஏறியிருக்கும். புள்ளி இல்லை என்பதாலேயே கல் என்று முடிவுகட்டவும் முடியாது. துத்தநாக, அலுமினியத் தகடுகளில் கையால் வரைந்தும் லித்தோ எடுக்கிறார்கள். அதற்கும் அதே மணல்மணி உண்டு. தாமிர எட்சிங்கில் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதியும். லித்தோவில் அதை எதிர்பார்க்கக் கூடாது. பென்சிலில் 12/50 என்றிருந்தால் ஐம்பதில் ஒன்று. அச்சடித்த வரிசையில் பன்னிரண்டாவது என்று பொருளில்லை. கையெழுத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவும் வேண்டாம். லெஜே 1955இல் இறந்தார். நகரத்தைப் பற்றிய அவருடைய லித்தோ தொகுப்பு ‘லா வில்’ 1959இல்தான் வெளிவந்தது. அந்தத் தொகுப்பின் எல்லாத் தாளிலும் அவர் கையெழுத்தைத் தேடிப் பயனில்லை.

சட்டம் போடும்போது படத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கக் கூடாது. அமிலமில்லாத மவுண்ட் அட்டை இடையில் வேண்டும். பின்புறம் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியக் காகிதத் துண்டைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால், ஈரப்பதம் மாறும்போது காகிதம் தன்போக்கில் விரிந்து சுருங்கும். நாலாபக்கமும் ஒட்டிய படம் அலையலையாகத் தூக்கிக்கொள்ளும். வெயிலில் எந்த மை முதலில் போகும் என்பது நிறமியைப் பொறுத்தது. காவி தாங்கும். எளிதில் வெளுக்கும் நிறமியில் செய்த நீலமோ சிவப்போ போய்விட்டால், இரண்டு மை சேர்ந்து உண்டான கலப்பு நிறங்களும் கூடவே போய், நிழலில் நின்ற சுவர்கள் எல்லாம் வெயிலுக்கு வந்துவிடும்.